மகனுக்கு 18 முடிந்தது, கார் இன்ஷூரன்ஸ் ஏறுமா?

வாசகர் கேள்வி: குன்னூரை ஒட்டிய ஊரில் இருக்கிறோம். என் கணவர் பெயரில் 1197 சிசி பெட்ரோல் கார் இருக்கிறது. நான்கு வயதான வண்டி, டி.என். 43 (உதகை) பதிவு. பழைய காரில் சேர்த்த போனஸையும் கொண்டுவந்ததால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்கான தள்ளுபடி) இப்போது 50 சதவீதம். மகனுக்குப் போன மாதம் 18 முடிந்தது, எல்.எல்.ஆர். எடுக்கப்போகிறான். மகளுக்கு 16. தோட்டத்துப் பாதையிலாவது ஓட்டிப் பழகுகிறேன் என்று அவளும் நிற்கிறாள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் கொழுந்தனார், "பையன் வண்டியைத் தொட்டதும் எங்கள் இன்ஷூரன்ஸ் இரண்டு மடங்காகிவிட்டது, நீங்கள் இப்போதே ஏதாவது செய்யுங்கள்" என்கிறார். காரை மகன் பெயருக்கு மாற்றினால் குறையும் என்கிறார் ஒருவர். கோவை முகவரிக்கு மாற்றினால் குறையும் என்கிறார் இன்னொருவர். ரின்யூவல் அடுத்த மாதம். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கொழுந்தனார் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அமெரிக்காவில் வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, எத்தனை வருட அனுபவம் என்று பார்த்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். அதனால் பதின்ம வயதுப் பிள்ளை ஒருவரைச் சேர்த்தால் தொகை சட்டென்று ஏறும். பிள்ளைக்குத் தனி பாலிசி எடுக்காமல் பெற்றோர் பாலிசியிலேயே சேர்ப்பது, நல்ல மதிப்பெண்ணுக்கான தள்ளுபடியைக் கேட்பது, காரில்லாமல் வெளியூர் விடுதியில் படிக்கும் பிள்ளைக்கான குறைப்பைக் கேட்பது எல்லாம் அவர் செய்ய வேண்டியவை. உங்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

இங்கே பாலிசி வண்டியின் மேல் எழுதப்படுகிறது. சிசி, வண்டியின் வயது, ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு), பதிவான இடம், போனஸ் இவைதான் கணக்கு. 18 வயதுப் பிள்ளை ஓட்டுவதற்கு இவ்வளவு கூடுதல் என்று நம் வழக்கமான தனிநபர் கார் பாலிசியில் ஒரு வரி கிடையாது. முன்மொழிவுப் படிவத்தில் யார் ஓட்டுவார்கள் என்ற கேள்வி இருந்தால் மகனையும் சேர்த்து உண்மையை எழுதுங்கள். ஆகவே அடுத்த மாத பிரீமியம் மகனால் ஏறாது. மகன் ஓட்டத் தொடங்கிய பிறகு உங்கள் வீட்டுப் பணம் வேறு வழிகளில் போகும். ஒன்று, சின்ன இடிக்கெல்லாம் கிளெய்ம் போட்டுப் போனஸை இழப்பது. இன்னொன்று, உரிமத்தில் குறை இருந்து பெரிய கிளெய்மே கையைவிட்டுப் போவது. சேமிக்க வேண்டிய இடம் இவை இரண்டும்தான்.

முதலில் பிரீமியத்தைப் பிரித்துப் பார்த்துவிடலாம். பிறருக்கு நேரும் காயத்துக்கும் சேதத்துக்குமான தேர்டு பார்ட்டி பகுதியை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் 1000 சிசி வரையுள்ள தனிநபர் காருக்கு 2,094 ரூபாய், 1000க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கும் மேல் 7,897. இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எந்தக் கம்பெனியிலும் எந்த ஏஜென்டிடமும் இதில் பேரம் இல்லை, போனஸும் இதில் கழியாது. மீதி இருப்பது நம் காருக்கே நேரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி. 2007 முதல் இதன் விலையைக் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே காருக்கு மூன்று கம்பெனியில் மூன்று தொகை வரும், கேட்டு ஒப்பிட வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

கோவை முகவரியால் எந்தப் பயனும் இல்லை. 2007க்கு முந்தைய பொது விலைப்பட்டியலான பழைய டாரிஃப், ஊர்களை ஏ, பி என்று பிரித்தது. அதன் ஏ மண்டலத்தில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா, புனே, அகமதாபாத் மட்டுமே உண்டு. மற்ற ஊரெல்லாம் பி. உதகையும் கோவையும் ஒன்றுதான்.

இனி போனஸ். கிளெய்ம் இல்லாத முதல் ஆண்டு முடிந்ததும் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே ஒரு ஓன் டேமேஜ் கிளெய்ம் போட்டால் அடுத்த ரின்யூவலில் பூஜ்யத்துக்கு வந்து, மறுபடி அதே படிகளில் ஏற வேண்டும். 50 சதவீதத்தில் இருக்கும் நீங்கள் இழப்பது அடுத்த வருடத்தின் 50 மட்டும் அல்ல. அதற்கடுத்த வருடம் 50க்குப் பதில் 20, பிறகு 25, 35, 45. குறைந்ததை மட்டும் கூட்டினால் 50, 30, 25, 15, 5, ஆக மொத்தம் 125. போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் தொகையைப் போல் ஒன்றேகால் மடங்கு ஐந்து வருடத்தில் போகிறது. அந்தத் தொகையைக் கணக்குக்காக 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11,250 ரூபாய் இழப்பு, ஜி.எஸ்.டி. சேர்த்தால் 13,275. வருடா வருடம் ஐ.டி.வி. இறங்குவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இப்போது மகன் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பரைத் தடுப்புச் சுவரில் இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் புதிதாக ஓட்டுபவர்கள் முதலில் செய்வது பெரும்பாலும் இதுதான். பம்பர் 7,000, பெயின்ட் 3,000, கூலி 2,000, பில் 12,000. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் 50 சதவீதத் தேய்மானம் போய் 3,500 கிடைக்கும். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருளின் விலை என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,625 வரும். கூலி முழுதாக 2,000. கூட்டினால் 8,125. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கு 1,000. கையில் வருவது 7,125. அதற்காக 13,275ஐ விட்டுக்கொடுப்பதா? தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் கவர் எடுத்திருந்து 11,000 வந்தாலும் நஷ்டமே. இந்த பில்லை நீங்களே கட்டுவதுதான் லாபம்.

அதனால் உங்கள் பாலிசியில் ஓன் டேமேஜ் தொகையைப் பார்த்து, போனஸ் கழிக்கும் முன் இருப்பதை ஒன்றேகாலால் பெருக்கி, ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து ஒரு காகிதத்தில் எழுதி ஆர்.சி. புக்கோடு வைத்துவிடுங்கள். கிளெய்மில் கைக்கு வரும் தொகை அதைத் தாண்டினால் மட்டும் கிளெய்ம். போனஸ் இப்போதுதான் 20க்கு வந்தவர்களுக்கு இதே கணக்கில் இழப்பு முக்கால் மடங்குக்குச் சற்று மேல், சரியாக 80 சதவீதம். அவர்கள் இதைவிடச் சின்னத் தொகைக்குக் கிளெய்ம் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வேலைக்கு விட்டுவிட்டுப் பிறகு கிளெய்ம் கேட்டால் நடக்காது. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றக் கூடாது, தகவலும் தாமதமில்லாமல் கொடுத்தாக வேண்டும். இடித்த அன்றோ மறுநாளோ எஸ்டிமேட் வாங்கி முடிவெடுங்கள். வேறொருவருக்குக் காயம் என்றால் இந்தக் கணக்கு எதுவும் பார்க்காதீர்கள். முதலில் மருத்துவமனை, பிறகு காவல் நிலையம், அன்றே கம்பெனிக்குத் தகவல்.

சின்ன இடிக்குக் கிளெய்ம் இல்லை என்று முடிவு செய்துவிட்டால், அந்த முடிவுக்கே தள்ளுபடி வாங்க ஒரு வழி உண்டு. விருப்பக் கழிவு, ஏஜென்ட்கள் மொழியில் வாலன்டரி டிடக்டிபிள். ஒவ்வொரு கிளெய்மிலும் இவ்வளவை நானே ஏற்கிறேன் என்று எழுதிக்கொடுப்பது. பழைய டாரிஃபில் 2,500க்கு ஓன் டேமேஜில் 20 சதவீதம், உச்சம் 750. 5,000க்கு 25 சதவீதம், உச்சம் 1,500. 7,500க்கு 30 சதவீதம், உச்சம் 2,000. 15,000க்கு 35 சதவீதம், உச்சம் 2,500. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாகக் கொட்டேஷன் கேளுங்கள். உங்களுக்கு 5,000 போதும் என்பது என் கருத்து. 15,000க்குப் போய்ப் பெறும் கூடுதல் தள்ளுபடி பழைய கணக்கில் ஆயிரம்தான். அதற்காகப் பெரிய விபத்து நடக்கும் நாளில் பத்தாயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். கழிவு கிளெய்முக்கு ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம். ஆறு மாதமாகச் சேர்ந்த நான்கு கீறல்களை ஒரே கிளெய்மில் போட்டுவிடலாம் என்று ஷெட்டில் சொல்வார்கள். நான்கும் தனித்தனி விபத்து என்று சர்வேயர் எழுதினால் நான்கு கழிவு.

போனஸைக் காக்கும் என்.சி.பி. புரொடெக்ட் என்ற கூடுதல் கவரும் உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கை கிளெய்ம் வரை போனஸ் இறங்காது. மகன் ஓட்டும் முதல் இரண்டு வருடத்துக்கு, அதுவும் 50 சதவீதத்தில் இருப்பவருக்கு, இதை வாங்கலாம். எத்தனை கிளெய்ம் வரை, எந்த வகைக் கிளெய்முக்கு என்ற நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்குங்கள். பம்பர் டு பம்பர் உங்கள் வண்டியின் வயதுக்கு இன்னும் கிடைக்கலாம். ஐந்து வயது தாண்டினால் பல கம்பெனிகள் தயங்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புரொடெக்டை எடுங்கள்.

சிக்கனம் என்று நினைத்து ஐ.டி.வி.யைக் குறைக்க மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கணக்கிடப்படும், கிடைப்பது அந்த ஐ.டி.வி. தொகைதான். சமவெளியில் வேலியில் மோதி நிற்கும் வண்டி நம் பக்கம் சரிவில் இறங்கிவிடும். முழு இழப்பு இங்கே அரிதான ஒன்று அல்ல.

இதேபோல் இன்னொரு ஆசைகாட்டல். பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பொறுப்பு தனிநபர் காருக்கு 7.5 லட்சம் வரை. அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் 100 ரூபாய் குறையும். கொட்டேஷனில் இது ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டீக்கடையின் முகப்பையோ தேயிலை ஏற்றி நிற்கும் வேனையோ இடித்தால் 6,000 எந்த மூலைக்கு?

இனி உரிமம். பணம் அதிகமாகப் போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பாலிசியில் டிரைவர் கிளாஸ் என்று ஒரு பகுதி இருக்கும். விபத்து நடக்கும் நேரத்தில் செல்லத்தக்க உரிமம் உள்ள யாரும் ஓட்டலாம். எல்.எல்.ஆர். உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆம் விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும். ஆக, எல்.எல்.ஆர். எடுத்த மகனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. கூடுதல் பிரீமியமும் இல்லை. விதி என்ன கேட்கிறது? பக்கத்தில் செல்லத்தக்க உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் இருக்க வேண்டும். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம். கடையில் விற்கும் சின்ன ஸ்டிக்கர் பல நேரம் இந்த அளவுக்கு வராது, ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இதில் தவறுவது எங்கே? அப்பா பின் சீட்டில், நண்பன் முன் சீட்டில். அல்லது பக்கத்தில் இருக்கும் மாமாவிடம் இரு சக்கர உரிமம் மட்டும். அல்லது அப்பாவின் உரிமமே காலாவதி. கடைசியாகச் சொன்னதை இன்றே பாருங்கள். 30 முதல் 50 வயதுக்குள் எடுத்த அல்லது புதுப்பித்த உரிமம் பத்து வருடம்தான். 50க்கு மேல் 55க்குள் என்றால் 60 வயது வரை. 55க்குப் பிறகு ஐந்தைந்து வருடம். உங்கள் கணவரின் உரிமம் போன மாதம் முடிந்திருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மகன் தனியாக ஓட்டியதாகவே கம்பெனி வாதிடும். கார் சேதத்துக்குப் பணம் வராது. பிறர் இறந்தோ காயப்பட்டோ இருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லி, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிடலாம். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும், சில சமயம் அதற்கும் மேல். தோட்டத்தை விற்றுத் தீர்க்கும் கடன் அது.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்து உதகை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் டெஸ்டுக்குப் போகலாம். 31ஆம் நாளே போக வேண்டிய அவசரம் இல்லை. மழை, பனிமூட்டம், இரவு மூன்றையும் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்க அந்த ஆறு மாதம் நல்ல வாய்ப்பு. டெஸ்டில் பாஸானாலும் உரிமம் ஆன்லைனில் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகே தனியாக அனுப்புங்கள்.

மகள் விஷயத்தில் பதில் ஒரே சொல்: வேண்டாம். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லாத இரு சக்கர வண்டிக்குத்தான் எல்.எல்.ஆர். கிடைக்கும், காருக்கு 18. தோட்டத்துப் பாதை பொதுச் சாலை அல்லவே என்று நினைக்கலாம். பாலிசியின் டிரைவர் கிளாஸ் சாலை, தோட்டம் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, உரிமத்தை மட்டும் பார்க்கிறது. தேயிலைப் பாதையில் கார் சரிந்தால் ஒரு ரூபாய் வராது. இலை பறிக்க வருபவர்கள் நடக்கும் பாதையும் அதுதானே. பொதுச் சாலையில் பிடிபட்டால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு இருக்கிறது. பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை எல்.எல்.ஆர். கிடையாது. இன்ஜின் ஓடாத வண்டியில் உட்கார வைத்து கிளட்ச், பிரேக், கியர், கண்ணாடி எல்லாம் சொல்லிக்கொடுங்கள். அதற்குத் தடை இல்லை.

காரை மகன் பெயருக்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். போனஸ் பாலிசிதாரருடையது, காரோடு போகாது. உயிரோடு இருக்கும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறும் காருக்குப் போனஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பாதி ஓன் டேமேஜ் தொகை அந்த நாளிலேயே கூடுகிறது. உங்கள் கணவர் அந்த 50 சதவீதத்தை கம்பெனியிடம் கடிதமாக வாங்கி வைத்து, மூன்று ஆண்டுக்குள் வேறு கார் வாங்கினால் பயன்படுத்தலாம். வாங்கும் எண்ணமே இல்லை என்றால் அதுவும் வீண்.

ஆனால் பெயர் மாற்றும் பேச்சுக்குள் ஒரு உண்மையான பிரச்சினை இருக்கிறது, அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாலிசியில் கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் கவர் உரிமையாளர் ஓட்டுநருக்கு மட்டும். அது உங்கள் கணவருக்கு உண்டு, அதே காரை ஓட்டும் மகனுக்கு இல்லை. தேர்டு பார்ட்டியில் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்ற நிலையை 2020இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. மகன் தானே ஓட்டித் தானே மோதினால் அவருடைய காயத்துக்கு இந்த பாலிசி கைகொடுக்காது. அதனால் மகன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். அது காரில் மட்டுமின்றி கல்லூரிப் பேருந்திலும் நண்பனின் பைக்கிலும் செல்லும். காரின் பாலிசியிலேயே அவர் பெயரைக் குறிப்பிட்டு விபத்துக் கவர் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான கவர் ஓட்டுகிறவருக்குப் பொருந்துமா என்பதில் வாதம் வரும், அதை நம்பி இருக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் செலவு கொஞ்சம் கூடட்டும்.

அடுத்தது, எந்த பாலிசியும் கொடுக்காத மலைச் செலவுகள். புதிதாக ஓட்டுபவர் ஏற்றத்தில் நிற்கும்போது வண்டியை ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து வைப்பார். சில மாதத்தில் கிளட்ச் பிளேட் கருகும். அது தேய்மானம், கிளெய்ம் இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டு நின்று, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் பிரேக்கை விட்டு ஏற்றும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்துங்கள். குன்னூரிலிருந்து பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பேட் சூடாகிப் பிடிப்புப் போய்விடும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர், வளைவுக்கு முன்பே இரண்டாவது. 36 கொண்டை ஊசிகள் கொண்ட கல்லட்டிச் சாலையை முதல் வருடம் மகனுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்ற விதியும் அவருக்கு மனதில் பதிய வேண்டும். ஒதுங்கும்போது மலைப்பக்க வாய்க்காலில் சக்கரம் விழாமல் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதை நின்ற வண்டியில் இறங்கிப் பார்த்துப் பழக வேண்டும்.

இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடியில் கல் தட்டி சம்ப் உடைந்தால் அது விபத்து, கிளெய்ம் உண்டு. உடைந்தது தெரியாமலோ, வீடு பக்கம்தானே என்றோ நான்கு கிலோமீட்டர் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், சம்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு இன்ஜினைத் தொடர் இழப்பு என்று கைகழுவுவார்கள். அந்த பில் சம்ப் பில்லைப் போல் பல மடங்கு. அடியில் சத்தம் கேட்டால் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, தரையில் எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். மழைத் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வதும் இதே வகைத் தவறு.

அப்படி நின்ற வண்டியை எடுத்துப்போவதும் செலவுதான். வழக்கமான கார் பாலிசியில் இழுத்துச் செல்லும் செலவுக்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். பள்ளத்திலிருந்து கிரேன் வைத்துத் தூக்கி மேட்டுப்பாளையமோ கோவையோ கொண்டுபோக அது எட்டாது. ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், கிரேன் சேருமா, குன்னூருக்கு வண்டி அனுப்புவார்களா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் ஷெட் உங்களுக்கு எட்டும் தூரத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். மலிவான பாலிசி பலதும் இந்தக் கேள்வியில் தோற்றுவிடும்.

காருக்கு ஓன் டேமேஜே வேண்டாம், தேர்டு பார்ட்டி மட்டும் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். பன்னிரண்டு, பதினைந்து வயதான 800 சிசி வண்டி இருந்தால் அது நியாயமான யோசனை. தேர்டு பார்ட்டி 2,094, வரியோடு 2,471 ரூபாய், விபத்துக் கவர் தனி. பிரேக், டயர், விளக்கு மூன்றும் சரியாக இருக்கும் அப்படிப்பட்ட வண்டியில் மகன் பழகினால் உங்கள் நல்ல காரின் போனஸும் தப்பும். ஆனால் நிலச்சரிவு, பாறை விழுதல், வெள்ளம், ஆலங்கட்டி, உறைபனி எல்லாம் ஓன் டேமேஜ் பகுதியில்தான் வருகின்றன. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் மண் சரிந்த மாதிரி ஒரு மழை வந்தால், தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள வண்டிக்கு எதுவும் கிடையாது. நான்கு வயதான உங்கள் காருக்கு முழு பாலிசியே சரி.

சில்லறைத் தள்ளுபடிகளும் உண்டு. ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி அமைப்பின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்கு ஓன் டேமேஜில் 2.5 சதவீதம், உச்சம் 500 ரூபாய். ஆட்டோமொபைல் சங்க உறுப்பினருக்கு 5 சதவீதம், உச்சம் 200. இவற்றுக்காகவே கருவி வாங்குவதோ சந்தா கட்டுவதோ தேவையில்லை, ஏற்கெனவே இருந்தால் கேளுங்கள். ஓடும் தூரத்துக்கும் ஓட்டும் விதத்துக்கும் ஏற்பப் பணம் கட்டும் கவர்களுக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. கார் பெரும்பாலும் குன்னூர் சந்தைக்கும் பள்ளிக்கும்தான் போகிறது என்றால் தூரத்தை வைத்துப் போடும் கவர் உங்களுக்கு லாபமாக இருக்கலாம். ஓட்டும் விதத்தை அளக்கும் கவரை முதல் வருடம் தவிர்க்கலாம். மலை வளைவில் பிரேக்கும் திருப்பமும் அடிக்கடி வருவது இயல்பு, பழகும் கையும் சேர்ந்தால் மதிப்பெண் இறங்கும்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லிவையுங்கள். விடுமுறைக் காலத்தில் தங்க வரும் விருந்தினரைக் காசுக்குச் சுற்றிக்காட்டுவதும், கேரட் மூட்டையை மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிப்போவதும் தனிநபர் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே. அந்தப் பயணத்தில் விபத்து என்றால் கிளெய்மை மறுக்க அதுவே போதும்.

ரின்யூவலுக்கு முன் மூன்று கம்பெனியில் ஒரே ஐ.டி.வி., ஒரே கூடுதல் கவர்கள், 5,000 விருப்பக் கழிவு, 7.5 லட்சம் சொத்துப் பொறுப்பு என்று சொல்லிக் கொட்டேஷன் வாங்குங்கள். இல்லாவிட்டால் தொகைகளை ஒப்பிடவே முடியாது. கம்பெனி மாறினாலும் 50 சதவீதம் கூடவே வரும், அதற்குப் பழைய பாலிசியின் நகல் போதும். ஏஜென்ட் அவசரத்தில் போனஸ் சதவீதத்தைத் தவறாக நிரப்பினாலும் கையெழுத்து உங்கள் கணவருடையது. பின்னால் சரிபார்க்கும்போது பொருந்தாவிட்டால் கிளெய்ம் வரும் நாளில் அது சிக்கலாகும். பாலிசி முடியும் நாளைத் தாண்டவிடாதீர்கள். இடைவெளி விழுந்தால் வண்டியை ஆய்வு செய்த பிறகே ஓன் டேமேஜ் கொடுப்பார்கள், 90 நாள் தாண்டினால் போனஸ் முழுதும் போகும், அந்த இடைவெளியில் வண்டி ஓடினால் முதல் முறைக்கே 2,000 ரூபாய் அபராதம். மகனின் எல்.எல்.ஆர். தேதி ரின்யூவலுக்கு முன்னால் விழுந்தாலும் பின்னால் விழுந்தாலும் பிரீமியத்தில் வித்தியாசம் இல்லை, அதற்காக எதையும் தள்ளிப்போட வேண்டாம்.